கல் நட்ட கரிசல்

சங்கரன்கோவிலிலிருந்து ராஜபாளையம் சாலையில் போனாலும் சரி, திருநெல்வேலிக்கோ கழுகுமலைக்கோ போகிற சாலையில் திரும்பினாலும் சரி, கடைசித் தெருவைத் தாண்டிய பிறகும் ஊர் விட்டபாடில்லை. உளுந்தும் பருத்தியும் மக்காச்சோளமும் நின்ற காடுகளில் பெயின்ட் அடித்த கற்கள் வரிசை பிடித்து நிற்கின்றன. முகப்பில் ஒரு வளைவு, உள்ளே சரள் போட்ட பாதை, கம்பத்தில் கொடி, அனுமதி எண் எழுதிய பலகை. எல்லாம் இருக்கிற இந்த மனைப்பிரிவுகள் பலவற்றில் வீடு மட்டும் அங்கொன்றும் இங்கொன்றுமாகத்தான் தெரிகிறது. மிச்ச இடத்தில் சீமைக்கருவேல் முளைத்துவிட்டது. விதைப்பு நின்றுபோனது, குடித்தனம் இன்னும் வரவில்லை.

வீடு தேவையில்லை என்று யாரும் சொல்லிவிட முடியாது. 2011 கணக்கெடுப்பின்போதே தமிழ்நாட்டு மக்களில் 48.4 விழுக்காட்டினர் நகரங்களில் வாழ்ந்தார்கள். சங்கரன்கோவில் போன்ற நடுத்தர ஊர்கள் அந்தப் பெருக்கத்தின் பெரும் பங்கைத் தாங்குகின்றன. விசைத்தறிக்கு வந்தவர்கள், பூ மார்க்கெட்டை நம்பியவர்கள், பிள்ளைகளின் படிப்புக்காகச் சுற்றுக் கிராமங்களிலிருந்து குடிவந்தவர்கள் என்று ஊருக்குள் ஆள் சேர்ந்துகொண்டே இருக்கிறது. தறிச்சத்தத்துக்கு நடுவே ஓர் அறையில் நாலைந்து பேர் படுத்து எழும் குடும்பத்துக்கு மூன்று சென்ட் மனை என்பது ஆயுள்கால ஆசை. 2019 நவம்பர் 22 அன்று தென்காசி தனி மாவட்டமான பிறகு நிலத்தின் மீதான எதிர்பார்ப்பும் கூடியிருக்கிறது.

ஆனால் தேவைப்படுகிறவர் கைக்குத்தான் மனை போகிறதா? 2012-இல் மத்திய அரசு அமைத்த தொழில்நுட்பக் குழு இந்திய நகரங்களில் சுமார் 1.88 கோடி வீடுகள் பற்றாக்குறை என்று மதிப்பிட்டது. அதற்கு முந்தைய ஆண்டுக் கணக்கெடுப்பு, அதே நகரங்களில் 1.11 கோடி வீடுகள் ஆளில்லாமல் பூட்டிக் கிடப்பதாகச் சொன்னது. வீட்டுக்கே இந்த நிலை என்றால் வெறும் மனைக்குக் கேட்க வேண்டியதில்லை. திருப்பூரிலும் சென்னையிலும் வளைகுடாவிலும் உழைக்கிறவர் ஊர்ப்பக்கம் ஒரு மனை வாங்கிப் போடுகிறார். மகள் கல்யாணத்துக்கு விற்றுக்கொள்ளலாம் என்பது கணக்கு. அதில் தப்பில்லை. அவருக்கு நகைக்கு அடுத்தபடி தெரிந்த சேமிப்பு அதுதான். அதனால் நிலம் இழப்பது வீட்டுக்காக என்று நினைப்பது பாதி உண்மைதான். மீதிப் பாதி, சேமிப்பைப் போட்டுவைக்க வேறு நம்பகமான இடம் இல்லாததால் நேர்கிறது.

இந்த வட்டாரத்தில் மண் இரண்டு விதம். ஒரு பக்கம் கரிசல், இன்னொரு பக்கம் செம்மண்ணும் சரளும். வீட்டுக்கும் வெளிக்கும் இடையிலான வழக்கில் இந்த இரண்டும் வெவ்வேறு சாட்சி சொல்கின்றன.

கரிசலின் குணம் அதிலுள்ள களிமண் கனிமங்களிலிருந்து வருகிறது. ஸ்மெக்டைட் வகைக் களிமண் கண்ணுக்குத் தெரியாத மெல்லிய தகடுகளால் ஆனது. நீர் பட்டால் அந்தத் தகடுகளுக்கு இடையே புகுந்து அவற்றை விலக்கும், மண் உப்பும். கோடையில் நீர் வெளியேற, மண் சுருங்கிக் கை நுழையும் அளவுக்கு வெடிப்பு விடும். முதல் மழையை அந்த வெடிப்புகள் ஆழத்துக்கு வாங்கிக்கொள்கின்றன. பிறகு மண் உப்பி வெடிப்புகள் மூடிவிட்டால், களிமண் நிலத்துக்குள் மணிக்கு ஒன்று முதல் ஐந்து மில்லிமீட்டர் நீர்தான் இறங்கும். மணற்பாங்கான செம்மண்ணில் அது 20 முதல் 30 மில்லிமீட்டர். வாங்கிய ஈரத்தைக் கரிசல் லேசில் விடாது. மழை நின்ற பிறகும் பருத்தியும் உளுந்தும் வாரக்கணக்கில் தாக்குப்பிடிப்பது அந்த இறுக்கத்தால்தான்.

பயிருக்கு வரமான இந்தக் குணம் சுவருக்குச் சாபம். ஆண்டுதோறும் உப்பிச் சுருங்கும் தரையின் மேல் நிற்கிற வீட்டில் ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாக விரிசல் ஓடும். நம் நாட்டுக் கரிசலில் ஏறத்தாழ மூன்றரை மீட்டர் ஆழம் வரை இந்த அசைவு உண்டு. அதற்குக் கீழே காலூன்றும் வகையில், அடிப்பகுதி அகன்ற தூண்களை இறக்கும் முறையை ரூர்க்கியில் உள்ள மத்தியக் கட்டட ஆராய்ச்சி நிறுவனம் வளர்த்தெடுத்தது. சிறு வீடு கட்டுகிறவர் பெரும்பாலும் கரிசலைத் தோண்டி எடுத்துவிட்டுச் சரளும் மணலும் நிரப்புகிறார். அந்தச் சரள் வேறொரு மேட்டை வெட்டித்தான் வர வேண்டும். கரிசலில் எழும் ஒவ்வொரு வீடும் கண்ணுக்கு எட்டாத இன்னொரு நிலத்தையும் சேர்த்தே செலவழிக்கிறது.

அப்படியானால் விளைநிலத்தை விட்டுவிட்டு, சும்மா கிடக்கிற செம்மண் மேட்டில் வீடு கட்டினால் என்ன? கேட்ட மாத்திரத்தில் நியாயமாகப் படுகிற யோசனை இது. அரசு அலுவலகங்களும் பெரும்பாலும் இந்த வழியில்தான் யோசிக்கின்றன. நன்செய்யை மனையாக்க மாவட்ட ஆட்சியரின் இசைவும் வேளாண் துறையின் கருத்தும் வேண்டும். தரிசுக்கு அவ்வளவு காவல் இல்லை. மேட்டு நிலம் என்ன வேலை செய்கிறது என்று பார்க்க நிலத்தடிக்குப் போக வேண்டியிருக்கிறது.

சங்கரன்கோவில் வட்டாரத்தின் அடியில் இருப்பது கடினப் பாறை. தண்ணீர் நிற்பது அந்தப் பாறையின் மேல்பகுதி சிதைந்து உதிர்ந்த அடுக்கிலும் அதன் வெடிப்புகளிலும் மட்டும். அந்த அடுக்கின் கனஅளவில் நூற்றுக்கு இரண்டு பங்குதான் கிணற்றுக்குக் கிடைக்கும் நீர். ஆண்டு மழை 700 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொண்டு, அதில் பத்தில் ஒரு பங்கு, அதாவது 70 மில்லிமீட்டர் கீழே இறங்குகிறது என்று கொள்வோம். இரண்டு விழுக்காடு இடமே உள்ள பாறைக்குள் அது புகுந்தால் கிணற்று நீர்மட்டம் மூன்றரை மீட்டர் ஏறும். இதையே திருப்பிப் போட்டால் கவலை புரியும். பத்தே மில்லிமீட்டர் நீர் உள்ளே இறங்காமல் போனால் அரை மீட்டர் மட்டம் குறைந்துவிடும். ஆற்றுப்படுகை ஊர்களுக்கு இல்லாத நெருக்கடி இது.

செம்மண் வெளியில் நீர் இறங்க இன்னொரு வழியும் உண்டு. சங்கரநாராயணர் கோயிலுக்கு வருகிறவர்கள் புற்றுமண்ணைப் பிரசாதமாக வாங்கி நெற்றியில் இட்டுக்கொள்கிறார்கள். ஆடித்தபசுக்குக் கூடும் பெருங்கூட்டமும் அந்த மண்ணைப் பொட்டலம் கட்டி வீட்டுக்குக் கொண்டுபோகிறது. அந்தப் புற்றைக் கட்டுவது கறையான். உழாத, கிளறாத நிலத்தில் அது தோண்டும் சுரங்கங்கள் மழைநீருக்கு வழிவிடுகின்றன. மேற்கு ஆஸ்திரேலியாவின் வறண்ட கோதுமை வயல்களில் எறும்பும் கறையானும் இருந்த இடத்தையும் அவை அகற்றப்பட்ட இடத்தையும் ஒப்பிட்ட ஆய்வு 2011-இல் வெளியானது. அவை இருந்த இடத்தில் மகசூல் 36 விழுக்காடு கூடுதல். நீர் அதிகமாக இறங்கியதும் மண்ணில் நைட்ரஜன் சேர்ந்ததும் காரணங்கள். ஜேசிபி ஒரே நாளில் சமப்படுத்திவிடும் மேட்டில் இப்படிப் பல ஆண்டுகளின் மண்வேலை புதைந்திருக்கிறது.

மேட்டு வெளியை நம்பி ஆடுகளும் இருக்கின்றன. கன்னி ஆடும் செவ்வாடும் தென்மாவட்டங்களுக்கே உரிய இனங்கள். மேய்க்கால் புறம்போக்கும், அறுவடை முடிந்த காடும், ஓடைக்கரையும் சேர்ந்த ஒரு சுற்றில் அவை பிழைக்கின்றன. இரவில் கிடை போட்ட காட்டுக்கு எரு கிடைக்கிறது. இடையில் ஒரு கண்ணி அறுந்தாலும் ஆட்டுக்காரரின் நடை நீளும், பிறகு ஆடு குறையும். வடக்கே மத்திய ஆசியப் புல்வெளிகளிலிருந்து குளிர்காலத்துக்கு இங்கே வரும் பூனைப்பருந்துகளும் வெட்டவெளியில், தரையில்தான் இரவு தங்கும். அட்ரீ ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்த டி. கணேஷும் பிரசாந்தும் இந்தியாவெங்கும் எடுத்த கணக்குகளைத் தொகுத்து 2018-இல் வெளியிட்டார்கள். முப்பது ஆண்டுகளில் அவற்றின் எண்ணிக்கை சரிந்திருப்பதை அது காட்டியது. பக்கத்துத் தூத்துக்குடி மாவட்டத்தின் வல்லநாட்டுக் குன்றில், இந்தியாவின் தென்கோடி வெளிமான் கூட்டத்துக்காக 1987-இல் ஒதுக்கப்பட்ட சரணாலயம் இருக்கிறது. அதன் பரப்பு சுமார் 16 சதுர கிலோமீட்டர். சமவெளியில் ஓடிப் பழகிய மானுக்கு மிஞ்சியது குன்றும் அதன் அடிவாரமும்.

இப்படிப்பட்ட புதர்வெளியை அரசின் தரிசுநில வரைபடத் தொகுப்பு பயனற்ற நிலக் கணக்கில் சேர்க்கிறது. சூழலியலாளர்கள் எம்.டி. மதுசூதனும் அபி வனக்கும் செயற்கைக்கோள் படங்களைக் கொண்டு இந்தியாவின் வறண்ட திறந்தவெளிகளை வரைந்தபோது, அவை நாட்டின் பரப்பில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு என்று தெரிந்தது. அவற்றில் பாதுகாக்கப்பட்ட பகுதிகளுக்குள் வருவது 5 விழுக்காட்டுக்கும் குறைவு. காட்டை வெட்டினால் ஊர் கேள்வி கேட்கிறது. வெளியை அழித்தால் வளர்ச்சி என்கிறது.

இதுவரை சொன்னதைக் கேட்டு வீடுதான் நீருக்கு எதிரி என்று முடிவு கட்டிவிடக் கூடாது. கணக்கு அதற்கு மாறாகவே நிற்கிறது. மூன்று சென்ட் வெற்று நிலத்தில், மேலே சொன்ன பத்தில் ஒரு பங்கு விகிதப்படி, ஆண்டுக்குச் சுமார் 8,500 லிட்டர் கீழே இறங்கும். அதே மனையில் ஆயிரம் சதுர அடி மாடியில் ஆண்டு முழுதும் விழும் மழை 65,000 லிட்டர். 2003-இல் தமிழ்நாடு கட்டாயமாக்கிய மழைநீர்ச் சேகரிப்பு ஒழுங்காக வேலை செய்தால், வழியில் கொஞ்சம் போனாலும், வெற்று நிலத்தைவிட ஐந்தாறு மடங்கு நீரை அந்த வீடு பூமிக்குத் தர முடியும். அதற்கு ஒரு நிபந்தனை உண்டு. கரிசலில் குழி வெட்டினால் களிமண்ணைத் தாண்டி உதிர்பாறை வரை இறக்க வேண்டும். இல்லாவிட்டால் அது கொசு வளர்க்கும் தொட்டியாகிவிடும். பெயருக்குக் குழாய் வைத்துப் படமெடுத்துக் காட்டிய வீடுகளுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது.

அப்படியென்றால் எந்த வீட்டாலும் ஈடுகட்ட முடியாத வேலை எது? வெள்ளத்துக்கு வழிவிடுவது.

பத்து ஏக்கர் மனைப்பிரிவில் 50 மில்லிமீட்டர் மழை பெய்தால் 20 லட்சம் லிட்டர். 12,000 லிட்டர் லாரியில் ஏற்றினால் 160 லோடுக்கும் மேல். பயிர் நின்றபோது வரப்புகள் அதைப் பாத்தி பாத்தியாக மறித்து வைத்திருந்தன. மிஞ்சியது ஓடைக்குப் போய், வரத்துக்கால் வழியே குளத்தில் சேர்ந்தது. குளம் நிறைந்தால் மறுகால் பாய்ந்து அடுத்த குளத்துக்குப் போனது. மனை போட்டதும் முதல் வேலையாக வரப்பு போகிறது. பாதை உயர்கிறது. ஓடையின் குறுக்கே ஓர் அடி, இரண்டடிக் குழாய் பதிக்கப்படுகிறது. ஆண்டில் பத்து மாதம் காய்ந்து கிடக்கிற ஓடை, மனை பார்க்க வந்தவருக்குச் சிறு பள்ளமாகத்தான் தெரியும். வறண்ட சீமைக்கு இதெல்லாம் எதற்கு என்ற எண்ணமும் சேர்ந்துகொள்கிறது. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் திருநெல்வேலி, தூத்துக்குடி, தென்காசி மாவட்டங்களில் கொட்டிய மழை அந்த எண்ணத்துக்குப் பதில் சொன்னது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் பதிவானது. வற்றிய வாய்க்கால் என்று ஊரே மறந்துபோன தடங்களை வெள்ளம் மறக்கவில்லை.

சட்டம் என்ன சொல்கிறது? அங்கீகாரமில்லாத மனைகளைப் பதிவு செய்ய 2016 செப்டம்பர் 9 அன்று சென்னை உயர் நீதிமன்றம் தடை விதித்தது. பஞ்சாயத்து முத்திரையை மட்டும் நம்பி நடந்த வியாபாரம் அதோடு ஆட்டம் கண்டது. அடுத்த ஆண்டு வந்த வரன்முறை விதிகள், 2016 அக்டோபர் 20-க்கு முன்பு விற்ற மனைகளுக்கு வழி திறந்தபோதும், நீர்நிலைகளிலும் வாய்க்கால்களிலும் போட்ட மனைகளை ஒதுக்கியே வைத்தன. 2019-இன் ஒருங்கிணைந்த கட்டட விதிகள்படி, 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவு, சாலை போக மிச்ச நிலத்தில் 10 விழுக்காட்டைத் திறந்தவெளியாக விட்டு உள்ளாட்சிக்குத் தானப் பத்திரம் எழுதித் தர வேண்டும். 3,000 முதல் 10,000 சதுர மீட்டர் வரை என்றால் நிலத்துக்குப் பதில் பணமாகக் கட்டவும் வழி உண்டு. அப்படி விட்ட இடத்தைப் பிறகு யாரும் கைமாற்றக் கூடாது என்பதிலும் நீதிமன்றங்கள் உறுதியாக இருந்திருக்கின்றன. பெங்களூரில் பூங்காவுக்கு ஒதுக்கிய இடத்தைத் தனியார் மருத்துவமனைக்குக் கொடுத்ததை 1991-இல் உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. மருத்துவமனையும் மக்களுக்குத்தானே என்ற வாதம் எடுபடவில்லை.

இந்தப் பத்து விழுக்காடு நல்ல விதி. அதில் ஒரு குறை, அது அளவை மட்டும் பார்க்கிறது. பத்து ஏக்கரில் சாலைக்கு மூன்று ஏக்கர் போனால், திறந்தவெளிக்கு 70 சென்ட் தேறும். அந்த 70 சென்ட் விற்பனைக்கு ஆகாத கோணல் மூலையாக இருந்தாலும் கணக்கு நேராகிவிடுகிறது. அடுத்த மனைப்பிரிவின் 70 சென்ட் இன்னொரு மூலையில். இப்படி இருபது மனைப்பிரிவுகள் வந்தால் மொத்தம் 14 ஏக்கர் வெளி கிடைக்கும், ஆனால் ஒன்றோடொன்று ஒட்டாத இருபது துண்டுகளாக. அதே 14 ஏக்கரை ஓடையை ஒட்டி 30 மீட்டர் அகலத்தில் விட்டிருந்தால் கிட்டத்தட்ட இரண்டு கிலோமீட்டர் நீளத்துக்கு நீர்வழி காப்பாற்றப்பட்டிருக்கும். ஆடு நடக்கவும், மாலையில் பிள்ளைகள் ஓடவும் அதே இடம் போதும். விற்பவருக்கு ஒரு சென்ட்கூடக் குறையாது.

எவ்வளவு என்பதைக் காட்டிலும் எங்கே என்பதே இங்கே பெரிய கேள்வி. 1914-இல் சென்னை மாகாணத்துக்கு வந்து ஊர் ஊராக நடந்து பார்த்து அறிக்கை எழுதிய ஸ்காட்லாந்துக்காரர் பேட்ரிக் கெடிஸ், திட்டம் போடுவதற்கு முன் ஆய்வு என்பதைக் கொள்கையாகவே வைத்திருந்தார். நம் ஊர்களில் மனை முந்திக்கொள்கிறது, திட்டம் பின்னால் ஓடுகிறது.

குஜராத்தில் வேறொரு முறை நெடுங்காலமாக நடக்கிறது. ஒரு வட்டாரத்தின் நிலத்தையெல்லாம் தாளில் ஒன்று சேர்த்து, அதில் 40 விழுக்காடு வரை சாலைக்கும் பூங்காவுக்கும் பொதுத் தேவைக்கும் எடுத்துக்கொண்டு, மிச்சத்தை அளவு குறைந்தாலும் மதிப்பு கூடிய மனையாக உரிமையாளருக்கே திருப்பித் தருகிறார்கள். அகமதாபாத்தின் பெரும்பகுதி இப்படி வளர்ந்ததுதான். போரில் சிதைந்த நகரங்களை மீட்ட ஜப்பானும் இம்முறையைப் பெரிய அளவில் கையாண்டு, 1954-இல் அதற்கென்றே தனிச்சட்டம் இயற்றியது. தமிழ்நாடும் 2018-இல் நகர் ஊரமைப்புச் சட்டத்தைத் திருத்தி நிலத்தொகுப்புக்கு இடம் கொடுத்திருக்கிறது. அதைப் பெருநகரங்களோடு நிறுத்தாமல், நிலத்தின் விலை இன்னும் கைக்கெட்டும் சங்கரன்கோவில் போன்ற ஊர்களுக்குக் கொண்டுவந்தால்தான் பயன் அதிகம். சென்னையின் பள்ளிக்கரணையில், சதுப்பின் பெரும்பகுதி போன பிறகு, மிச்சத்தை 2022-இல் ராம்சார் ஈரநிலப் பட்டியலில் சேர்த்தோம். இங்கே இன்னும் காலம் இருக்கிறது.

ஊரைச் சுற்றிக் கோடு போட்டு இனி மனையே கூடாது என்று தடுப்பதும் சரிப்படாது. லண்டன் அதைச் செய்து பார்த்தது. 1938-இல் சட்டம் இயற்றி, 1950-களில் பசுமை வளையத்தை உறுதியாக்கினார்கள். வயல்வெளி தப்பியது உண்மை. வளையத்துக்குள் வீட்டு விலை ஏறியதும், வேலைக்குப் போகிறவர்கள் வளையத்தைத் தாண்டிக் குடியேறித் தினமும் நெடுந்தூரம் பயணிப்பதும் உண்மை. இங்கே அப்படிச் செய்தால் முதலில் அடிபடுவது தறிக்கூலியை நம்பி வாழ்கிறவர். அதைவிட ஏற்கெனவே கல் நட்ட மனைகளை நிரப்புவது நல்லது. குடிநீரும் பஸ்ஸும் கழிவுநீர் வசதியும் அங்கே முதலில் போகட்டும். காலிமனை வரியை ஆண்டு கூடக்கூட உயர்த்தினால், பூட்டி வைத்தவர் விற்க முன்வருவார். வீடு கட்டுகிறவருக்கு மனை கிடைக்கும், புதிதாகக் காடு அழிய வேண்டியதில்லை.

புறம்போக்கு விஷயத்தில் இன்னும் கவனம் வேண்டும். பஞ்சாபின் பட்டியாலா மாவட்டத்தில் கிராமக் குளத்தை மூடி வீடு கட்டிய வழக்கில், 2011 ஜனவரி 28 அன்று உச்ச நீதிமன்றம் ஆக்கிரமிப்பை வரன்முறைப்படுத்த மறுத்தது. எல்லா மாநிலங்களும் கிராமப் பொதுநிலங்களை மீட்கத் திட்டம் வகுக்கவும் சொன்னது. அதே தீர்ப்பு, நிலமற்றவர்களுக்கும் பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் அரசு முறைப்படி ஒதுக்கிய நிலத்துக்கு விதிவிலக்கு வைத்தது. அது மிகச் சரி. தலைமுறைகளாக நிலம் மறுக்கப்பட்டவர்களுக்கு அரசு கொடுக்கும் வீட்டுமனைப் பட்டா பெரும்பாலும் புறம்போக்கிலிருந்துதான் வருகிறது. சுற்றுச்சூழலின் பெயரால் அந்தக் கதவை மூடினால் அநீதி. ஆனால் அவர்களுக்குக் கொடுக்கும் இடம் ஓடைக்குள்ளோ குளத்தின் உள்வாயிலோ இருந்துவிட்டால் அது இன்னும் பெரிய அநீதி. அடுத்த வெள்ளத்தில் முதலில் மூழ்குவது அவர்களின் வீடுதான்.

இவ்வளவுக்கும் தேவையான வரைபடம் ஏற்கெனவே இருக்கிறது. ஒவ்வொரு சர்வே எண்ணுக்கும் புலப்படம் உண்டு. அதில் ஓடையும் வண்டிப்பாதையும் தனி உட்பிரிவாகக் குறிக்கப்பட்டிருக்கும். வருவாய்த் துறையின் இணையதளத்தில் யாரும் எடுத்துப் பார்க்கலாம். மனைப்பிரிவுக்கு அனுமதி தரும் அலுவலகம் பக்கத்து எண்களின் புலப்படங்களையும் சேர்த்து ஒட்டிப் பார்த்தால், நீர் எங்கிருந்து வந்து எங்கே போகிறது என்பது ஒரு மணி நேர வேலை. அந்தத் தாழ்ந்த பக்கத்தில்தான் பத்து விழுக்காடு வேண்டும் என்று கேட்டு வாங்க முடியும். மூன்று சென்ட் வாங்க நினைக்கும் தறிக்காரர் செய்ய வேண்டியதும் அதிகமில்லை. புலப்படத்தின் நகலை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, ஐப்பசி அடைமழையின்போது ஒருமுறை அந்த இடத்துக்குப் போய், தண்ணீர் எந்தக் கல்லைத் தாண்டி ஓடுகிறது என்று பார்த்துவிட்டு, பிறகு அட்வான்ஸ் கொடுக்கலாம்.